தமிழரசு வைத்த ஐந்தாவது கச்சேரி

கல்யாணம் பண்ணிப் பார், வீட்டைக் கட்டிப் பார் என்று சொல்லிவைத்த பெரியவர்கள், கச்சேரி வைத்துப் பார் என்று சொல்லாமல் விட்டதற்குக் காரணம் ஒன்றுதான் இருக்க முடியும். அவர்களில் ஒருவர்கூட அம்மையார்கண்டிகைக்கு வந்ததில்லை. வந்திருந்தால் கல்யாணத்தையும் வீட்டையும் பேச்சிலிருந்தே எடுத்திருப்பார்கள்.

புத்தூரிலிருந்து நகரி போகிற ரோட்டில் பாதி வழியில் இறங்கி, மாந்தோப்புகளுக்கு நடுவே ஏழு கிலோமீட்டர் உள்ளே போனால் அந்த ஊர். காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். சாயங்காலத்து பஸ் டிரைவருக்கு மனசிருந்தால் வரும். நூற்றுப் பத்து வீடுகள், நானூறு விசைத்தறிகள். விடிகாலை ஐந்து மணிக்கு ஆரம்பிக்கிற தறிச்சத்தம் ராத்திரி பத்து மணிக்குத்தான் ஓயும். அந்தச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் கேட்காது. அதனால் அம்மையார்கண்டிகைக்காரர்கள் கத்துவதில்லை. சத்தமே போடாமல் வாயை மட்டும் அசைத்துப் பேசுவார்கள், எதிராளி உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வான். இதற்குத் தறிப்பேச்சு என்று பெயர். தமிழிலும் நடக்கும், தெலுங்கிலும் நடக்கும், பாதியில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவினாலும் நடக்கும்.

இதில் சௌகரியங்கள் உண்டு. தெருவின் இந்தக் கோடியில் நின்றுகொண்டு அந்தக் கோடியில் இருப்பவளிடம் தயிர் உறைமோர் கேட்கலாம். அசௌகரியமும் உண்டு. உறைமோர் கேட்டது ஊருக்கே தெரியும். ரகசியம் பேச வேண்டுமென்றால் காதில் குசுகுசுப்பதில் பிரயோஜனமில்லை. துண்டாலோ முந்தானையாலோ வாயை மூடிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் இருவரும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்ள வேண்டும். இரண்டு ஆம்பிளைகள் சுவரைப் பார்த்து நின்றால் வெளியூர்க்காரர்கள் வேறு மாதிரி நினைத்துக்கொண்டு மூக்கைப் பிடிப்பார்கள். உள்ளூர்க்காரர்களுக்குத் தெரியும், அவர்கள் மாமியார்களைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று. அப்படி யாராவது திரும்பி நின்றால் மற்றவர்கள் மரியாதையாக வானத்தைப் பார்ப்பார்கள். அது அந்த ஊர் நாகரிகம்.

வாயைத் திறந்து குரல் விட்டுப் பேசுவதும் உண்டு, சந்தைக்கோ ஆஸ்பத்திரிக்கோ போகும்போது. அப்போது அவர்களுக்குத் தெரிந்தது ஒரே குரல்தான். நானூறு தறியை ஜெயிக்கிற குரல்.

இந்த ஊரில்தான் தமிழரசு என்கிற ஐம்பத்தோரு வயது மனிதர் வருஷா வருஷம் பாட்டுக் கச்சேரி வைத்தே தீருவது என்று நின்றார். நாலு தறி வைத்து வேஷ்டி நெய்கிறவர். ராகத்துக்கும் ரவைக்கும் வித்தியாசம் தெரியாது. பின் எதற்கு இந்த வேண்டாத வேலை என்று கேட்டால், பெண்டாட்டிக்காக என்றுதான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். ஐம்பத்தோரு வயதில் அதை ஊராரிடம் சொல்ல முடியுமா? அதனால் ‘கலை வளரணும் இல்ல?’ என்று சொல்லிச் சமாளித்து வந்தார். ஊர் அவருக்குக் ‘கச்சேரி’ என்றே பெயர் வைத்துவிட்டது.

பெண்டாட்டி பெயர் கன்னிகா. பாட்டு என்றால் உயிர். தறியில் அறுந்த இழையை முடிந்துகொண்டே டிவியில் பாட்டு வைப்பாள், சத்தம் நாற்பதில் இருக்கும். ஏழு வருஷத்துக்கு முன்னால் தமிழரசு அவளைத் திருப்பதிக்கு அழைத்துப்போய் ஒரு மண்டபத்தில் நிஜக் கச்சேரிக்கு உட்கார வைத்தார். பாடகி கண்ணை மூடிக்கொண்டு ஆலாபனை பண்ண, ஐந்நூறு பேர் மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்துக் கன்னிகா புருஷனிடம், தான் மெல்லப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, “அந்தம்மா கட்டிக்கினு கீற பொடவ நம்ம ஊரு தறி மாரியே கீதுய்யா” என்றாள். பாடகி கண்ணைத் திறந்துவிட்டார். ஐந்நூறு தலையும் திரும்பியது. பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து வந்து, வெளியே போய்ப் பேசுங்களம்மா என்று கைகூப்பினார். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. கைகூப்பியதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் சொன்னது ஒன்றுதான். “எனக்குப் பாட்டப் புடிக்கும்யா. பாட்டுக்குத்தான் என்னப் புடிக்கல.”

அதற்கப்புறம் எந்த மண்டபத்துக்கும் வரமாட்டேன் என்றுவிட்டாள். சரி, நீ கச்சேரிக்குப் போகவேண்டாம், கச்சேரியை உன்னிடம் கொண்டுவருகிறேன், நம் ஊரில் எல்லோருக்கும் உன் தொண்டைதான், யார் உன்னைத் திரும்பிப் பார்க்கப் போகிறார்கள் என்று தமிழரசு மனசுக்குள் சபதம் போட்டார். சபதம் போடுவது சுலபம். அதற்கு மைக் செட் வேண்டாம்.

முதல் வருஷம் சித்தூரிலிருந்து ஒரு லைட் மியூசிக் கோஷ்டியைப் பேசினார். மாம்பழ சீசன் என்பதை மறந்துவிட்டார். வழியில் ஒரு மாம்பழக் கூழ் ஃபேக்டரி வாசலில் பழ டிராக்டர்கள் மூன்று கிலோமீட்டருக்கு வரிசை கட்டி நிற்க, கோஷ்டியின் வேன் நடுவில் மாட்டிக்கொண்டது. சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று அவர்கள் டிராக்டர்காரர்களுக்குப் பாட ஆரம்பித்திருக்கிறார்கள். அங்கே கிடைத்த கைதட்டலில் தொண்டை கட்டும்வரை பாடிவிட்டு அப்படியே சித்தூர் திரும்பினார்கள். அவர்களுக்குத் தமிழரசு பேரில் வருத்தம் ஒன்றுமில்லை, வாழ்க்கையில் அவ்வளவு நல்ல கூட்டம் பார்த்ததில்லை என்று போனில் நன்றிகூடச் சொன்னார்கள்.

அடுத்த கோஷ்டி மதனப்பள்ளியிலிருந்து ரயிலில் வந்தது. பாகாலா ஜங்ஷனில் தபேலாக்காரர் டீ குடிக்க இறங்க, ரயில் கிளம்பிவிட்டது. தபேலா திருப்பதி போய்ச் சேர்ந்தது, தபேலாக்காரர் பாகாலாவிலேயே தங்கினார். மற்றவர்கள் வந்து தாளமில்லாமல் பாடினார்கள். மூன்றாவது வருஷம் தேதி வைத்தபோது காணிப்பாக்கத்தில் பிரம்மோத்சவம். கோஷ்டி மொத்தமும் அங்கே போய்விட, கீபோர்டுக்காரர் மட்டும் மனசாட்சிக்குப் பயந்து வந்தார். ஒரு பொத்தானை அழுத்திவிட்டுக் காபி குடிக்கப் போனார், பெட்டி தானே வாசித்தது. ஊர் அதையும் உட்கார்ந்து பார்த்தது. போன வருஷம் அனுமதிக்குப் போனபோது ஸ்டேஷனில், எந்தப் பார்ட்டி என்று கேட்டார்கள். பார்ட்டி இல்லை சார், பாட்டு என்றார். பார்ட்டி இல்லாமல் யாராவது மைக் கட்டுவார்களா என்று அவர்களுக்குச் சந்தேகம் வந்து, தெலுங்கு மனுவை மூன்று தடவை திருப்பி எழுத வைத்து, இரண்டு கான்ஸ்டபிள்களையும் அனுப்பினார்கள். இரண்டு பாட்டோடு கரண்ட் போனது.

நடந்த எல்லாக் கச்சேரியிலும் கன்னிகா முதல் ஆளாக வந்து, பெரிய சவுண்டு பாக்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொள்வாள். எப்படி இருந்தது என்று கேட்டால், நல்லாத்தான் இருந்தது என்பாள். அவள் ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று தமிழரசுக்குத் தெரியும். ஒரு முழுக் கச்சேரி, உருப்படியாக, அவள் காதில் விழ வேண்டும். அதுவரைக்கும் விடப்போவதில்லை.

ஊர்த் தறிச் சங்கத்துத் தலைவர் சின்னசாமிக்கு நாக்கில் சனி. போன வருஷம் கரண்ட் போனபோது தெருவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, செவிடன் காதில் ஊதிய சங்கு என்று தறிப்பேச்சில் சொல்லிச் சிரித்தார். தமிழரசு பார்த்துவிட்டார். கன்னிகாவும் பார்த்துவிட்டாள். அவள் வேகமாக முகத்தைத் திருப்பிக்கொண்டதை, கோபம் என்று தமிழரசு நினைத்துக்கொண்டார்.

ஆறு மாதத்துக்கு முன் கன்னிகா காதில் சதா வண்டு ரீங்கரிக்கிறது என்று சொன்னதும், திருப்பதியில் ஒரு காது டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார். உள்ளே கூப்பிட்ட சமயம் பார்த்து மைக் செட் சுதீரிடமிருந்து போன். அடுத்த வருஷத்துக்கு எத்தனை பாக்ஸ் என்று கேட்கிறான். தமிழரசு வராந்தாவுக்குப் போய்ப் பேசிவிட்டுத் திரும்புவதற்குள் அவள் கையில் ஒரு காகிதத்தோடு வெளியே வந்துவிட்டாள். மலை இறக்கம் போல ஒரு கோடு போட்டிருந்தது. டாக்டரம்மா என்ன சொன்னார் என்று கேட்டார். கொஞ்சம் மந்தமாம், தறிச்சத்தத்தில் எல்லோருக்கும் ஆவதுதானாம், போகப்போக இன்னும் குறையலாமாம் என்றாள். காகிதத்தை மடித்து வீட்டில் புடவைகளுக்கு அடியில் வைத்துவிட்டாள்.

போகப்போகக் குறையலாம். அந்த ஒரு வார்த்தை தமிழரசைத் தூங்கவிடவில்லை. இந்த வருஷம் விட்டால் அடுத்த வருஷம் இவள் காது இருக்குமோ இருக்காதோ என்று அவருக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது. இந்தத் தடவை லைட் மியூசிக் வேண்டாம், பொத்தான் பெட்டி வேண்டாம், அன்றைக்குத் திருப்பதி மண்டபத்தில் அவளுக்கு மறுக்கப்பட்ட அதே சங்கீதம்தான் வர வேண்டும் என்று முடிவு கட்டினார்.

அவர் நெய்கிற வேஷ்டிகள் திருப்பதியில் அலிபிரி ரோட்டில் ஒரு கடைக்குப் போகும். அங்கே பாஷ்யம் என்று ஒரு ஓய்வுபெற்ற கோயில் கைங்கரியக்காரர், தனக்கு வேண்டிய கரை அகலத்தில் பத்துமுழ வேஷ்டி கிடைக்கவில்லை என்று வருஷக்கணக்காகக் கடைக்காரரிடம் சண்டை பிடித்துவந்தார். அவருடைய மகள் மைத்ரேயி பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர், கச்சேரியும் செய்கிறவள் என்று கேள்விப்பட்டதும், தமிழரசு அவர் கேட்ட கரையை அங்குலம் பிசகாமல் நெய்து நேரே வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தார். கிழவர் தடவித் தடவிப் பார்த்துக் கண்கலங்கி, என்ன விலை என்று கேட்டார். “காசெல்லாம் வேணாம் சாமி. ஒங்க பொண்ண ஒரு நாளிக்கு அனுப்புங்க, அது போதும்” என்றார் தமிழரசு. பாஷ்யத்தின் கையிலிருந்து வேஷ்டி கீழே விழுந்தது. விஷயத்தை விளக்கி முடிக்க அரைமணி நேரமாயிற்று.

மைத்ரேயி வேறு மாதிரியானவள். கல்யாண வீடுகளில் பாடிப் பாடி அலுத்திருந்தாள். இவள் உருகுவாள், ஜனங்கள் பந்திக்கு ஓடுவார்கள். முன்வரிசையில் மிச்சமிருப்பவர்கள் போனைப் பார்ப்பார்கள். தமிழரசு கேட்டதும் எட்டுப் பாட்டுக்கு ஒப்புக்கொண்டு, ஒரே நிபந்தனை போட்டாள். “நான் பாடறச்சே ஒரு தறி ஓடப்படாது. ஒருத்தர் பேசப்படாது. அவ்வளவுதான்.”

தறி நிற்பது மாதத்தில் ஒரே நாள், அமாவாசை. நெசவு ஊரில் அன்றைக்கு விடுமுறை. மாசி அமாவாசைக்குத் தேதி வைத்தார். தமிழர்களுக்கு அமாவாசை நல்ல நாள்தானே. சுதீர் தெலுங்குக்காரன் என்பதை இந்த மனுஷர் மறந்தது எப்படியென்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. இருபது வருஷப் பழக்கம்! அமாவாசையில் ஆணிகூட அடிக்கமாட்டார்கள் அவர்கள்.

“அமாவாஸ்யன்னைக்கு பாக்ஸ எடுக்க மாட்டேன்ண்ணா. வத்து” என்றான் சுதீர். வத்து என்றால் வேண்டாம், அதற்குமேல் பேச்சில்லை. தமிழரசு கெஞ்சினார். பஞ்சாங்கம் பார்த்ததில் திதி பிற்பகல் மூன்று மணிக்குமேல்தான் பிறக்கிறது என்று தெரிந்தது. இருவரும் ஒரு சமரசத்துக்கு வந்தார்கள். சுதீர் காலையில் வந்து எல்லாவற்றையும் கட்டி, சுவிட்சையும் போட்டுவிட்டு, மூன்று மணிக்குள் ஊர் எல்லையைத் தாண்டிவிடுவான். மறுநாளும் வரமாட்டான், பாட்யமி என்கிற பிரதமையும் ஆகாது. அதற்கும் மறுநாள் வந்து கழற்றிக்கொள்வான். நடுவில் எந்தப் பொத்தானையும் யாரும் தொடக்கூடாது.

கச்சேரி நாள். தறிகள் நின்றதில் கைக்குழந்தைகள் காலையிலிருந்தே தூங்காமல் அழுதுகொண்டிருந்தன, அவற்றுக்குத் தாலாட்டே தறிதான். ஐந்து மணிக்குத் திருப்பதியிலிருந்து கார் வந்தது. மைத்ரேயி, வயலினுக்கு யதிராஜ், ஒரு மிருதங்கக்காரர். யதிராஜ் அமாவாசைத் தர்ப்பணம் பண்ணிவிட்டு ஒருவேளைச் சாப்பாட்டில் வந்திருந்தார், முகம் வாடியிருந்தது. மேடைக்கு மட்டும் கூரை போட்ட பந்தலில் முந்நூறு பேர். கன்னிகா நீலப் புடவை கட்டிக்கொண்டு, வழக்கம்போலப் பெரிய பாக்ஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள்.

மைத்ரேயி முதல் பாட்டை எடுத்தாள். முதல் வரி முடிவதற்குள் மூன்றாம் வரிசையில் செங்கம்மா பக்கத்துக்காரியிடம், “வளையலு தங்கந்தானா, கவரிங்கா?” என்றாள். தறியை ஜெயிக்கிற குரல். வயலின் நின்றது. இன்னொருவர், பேசாத இரு என்று செங்கம்மாவை அதட்டியது அதைவிடப் பெரிதாகக் கேட்டது. அவரை அடக்க நாலு பேர் கிளம்பினார்கள். தமிழரசு பதறியடித்துக்கொண்டு முன்னால் ஓடிவந்து, மேடைக்கு முதுகைக் காட்டி நின்று, கைகளை உயர்த்தித் தறிப்பேச்சில் ஊருக்குச் சொன்னார். பேச வேண்டியதிருந்தால் இப்படிப் பேசித் தொலையுங்கள்.

ஊருக்கு உடனே புரிந்தது. பந்தல் முழுக்க ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. தமிழரசு நெற்றியைத் துடைத்துக்கொண்டு ஓரமாகப் போய் நின்றார்.

மேடையிலிருந்து பார்த்தவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அவர் யோசிக்கவில்லை. முந்நூறு பேர், துளிச் சத்தமில்லை, முந்நூறு வாயும் அசைகின்றன. சிலர் சத்தமில்லாமல் சிரிக்கிறார்கள். ஒருவர் அவளைக் காட்டி நீளமாக எதையோ சத்தமில்லாமல் சொல்ல, ஐம்பது பேர் தலையை ஆட்டுகிறார்கள். இரண்டாம் பாட்டு முடிந்ததும் மைத்ரேயி மைக்கை ஒரு பக்கம் தள்ளிவிட்டு, யதிராஜ் பக்கம் சாய்ந்து, உதடு மட்டும் அசையும்படி மூச்சுக்குரலில் சொன்னாள். “என்ன ஊர் அண்ணா இது, பயமா இருக்கு. நாலு பாட்டோட முடிச்சுண்டு கிளம்பிடலாம்.”

பந்தலே நிமிர்ந்தது. செங்கம்மா எழுந்தாள். ஊர் நியாயம் என்று வந்தால் அவள் தறிப்பேச்சுப் பேசுவதில்லை. “நாலு தானாம்மா? எட்டுன்னு சொன்னாங்களே.”

மைத்ரேயி மைக்கைப் பார்த்தாள். அது எட்டாத தூரத்தில்தான் இருந்தது. யதிராஜ் மிரண்டுபோய், நான் அப்போதே சொன்னேன், வயிறு வேறு பசிக்கிறது என்று உதட்டோரத்தில் முணுமுணுத்தார். இரண்டாவது நிமிஷம் அவர் முன்னால் ஒரு சீப்பு வாழைப்பழமும் ஒரு சொம்புப் பாலும் வந்து உட்கார்ந்தன. இவர்களுக்கு நாம் மனசில் நினைப்பதெல்லாம் தெரிகிறதே என்று மிருதங்கக்காரர் சத்தமில்லாமல் முணுமுணுத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மனசில் நினைப்பது தெரியாது சாமி, வாயில் வந்தால்தான் தெரியும் என்று பின்னாலிருந்து ஒருவர் பணிவாக விளக்கினார்.

இந்தக் குழப்பத்தில் மைத்ரேயி மைக்கைத் திரும்ப முகத்துக்கு நேரே இழுத்துக்கொண்டு மூன்றாம் பாட்டை ஆரம்பித்தபோது, ஆம்ப்ளிஃபயர் பெட்டியிலிருந்து கருகல் வாசனை கிளம்பியது. பாக்ஸ் ஒரு தடவை விக்கியது. அப்புறம் ஒன்றுமில்லை.

கன்னிகா பாக்ஸிலிருந்து கையை எடுத்துப் பார்த்தாள். திரும்பவும் வைத்துப் பார்த்தாள். தமிழரசு அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சுதீருக்குப் போன் போட்டார். அமாவாசையில் வீட்டு வாசலைத் தாண்டமாட்டேன், பின்பக்கம் சிவப்பு ஒயரை மாற்றிப் போட்டுப் பாருங்கள், ஆனால் தொடாதீர்கள் என்றான் சுதீர். தொடாமல் எப்படி மாற்றுவது என்று கேட்பதற்குள் வைத்துவிட்டான். சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பார்கள். இந்த மனுஷருக்கு ஏறுகிற சாணும் இல்லை, வருஷா வருஷம் முழம்தான்.

மைத்ரேயி சுருதிப் பெட்டியை நிறுத்தினாள். மைக் இல்லாமல் பத்து வரிசைக்கு மேல் ஒரு எழுத்துக்கூட எட்டாது, மன்னித்துக்கொள்ளுங்கள், இன்னொரு நாள் பார்க்கலாம் என்று நயமாகச் சொல்லி எழுந்தாள். அவள் பேரில் தப்பில்லை. தமிழரசு மேடையோரம் வந்து நின்றார். கெஞ்ச வேண்டும் என்றுதான் வந்தார். அழுகை வருகிற மாதிரி இருந்தது, ஐம்பத்தோரு வயதில், ஊருக்கு முன்னால். கடைசியில் துண்டால் வாயை மூடிக்கொண்டு, ஊருக்குத் தெரியாமல், குரலையும் துண்டுக்குள் அமுக்கி, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

“எம் பொண்டாட்டிக்குக் காது போயிக்கினே இருக்குதும்மா. போறதுக்குள்ள ஒரு கச்சேரி அவ கேக்கணும். அவளுக்கோசரந்தான் அஞ்சு வருசமா வெச்சிக்கினு கீறேன். நீங்க பாடுங்க. பின்னால இருக்கறவங்களப் பத்திக் கவலப்படாதீங்க. எங்க ஊருக்கு மூஞ்சி தெரிஞ்சா போதும்.”

பிறகு அவரே மேடையேறி, அவள் முகத்துக்கு நேரே நின்ற மைக் ஸ்டாண்டைத் தூக்கி ஓரமாக வைத்தார். பக்கவாட்டில் எரிந்த விளக்கை அவள் முகத்தில் படும்படி திருப்பினார். தறிப்பேச்சு என்றால் என்ன என்று நாலு வார்த்தையில் சொன்னார். மைத்ரேயி முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசை வரை கூட்டத்தைப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்தாள்.

அவள் பாடினாள். முந்நூறு பேரும் வாயை மூடிக்கொண்டு அவள் வாயையே பார்த்தார்கள். ஒருவர் கையிலும் போன் இல்லை. கண் சிமிட்டினால் ஒரு சொல் போய்விடுமே, யார் குனிவார்கள்? தமிழ்ப் பாட்டில் கடைசி வரிசை வரை தலை ஆடியது. தெலுங்குப் பாட்டிலும் ஆடியது. சமஸ்கிருதத்தில் ஒன்று பாடியபோது ஊரே திருதிருவென்று முழித்தது. ஆலாபனை எடுத்தபோது சின்னசாமிக்குப் பொறுக்கவில்லை, “அம்மா, வெறும் ஆ-னு மட்டுந்தான் வருது, வார்த்த வரல” என்று சங்கத்துத் தலைவர் என்ற முறையில் தெரியப்படுத்தினார். மைத்ரேயி பாதி ஸ்வரத்தில் சிரித்துவிட்டாள். ஆனால் நிறுத்தவில்லை. எட்டுப் பாட்டுக்குப் பேசியவள் ஒன்பதாவதையும் தானாகவே எடுத்தாள். பிறந்ததிலிருந்து இப்படி ஒரு கூட்டம் அவள் முகத்தைப் பார்த்ததில்லை.

தமிழரசு பாட்டைக் கவனிக்கவில்லை. கன்னிகாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பாக்ஸை விட்டு எழுந்துபோய் முதல் வரிசையில் மேடைக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தாள். பாடகியின் உதட்டோடு அவள் உதடும் கூடவே அசைந்தது. ஒரு வரியில் சிரித்தாள். இன்னொரு வரியில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் அப்படிப் பாட்டுக் கேட்டு அவர் பார்த்ததே இல்லை.

ஒன்பதாவது முடிந்து கூட்டம் எழுவதற்குள் அவர் அவள் முன்னால் போய்க் குந்தி உட்கார்ந்து, தறிப்பேச்சில் கேட்டார். கேட்டுச்சா?

“கேக்கலய்யா” என்றாள் கன்னிகா. வாய்விட்டுத்தான் சொன்னாள். அந்த அமைதியில் தன் குரல் எவ்வளவு தூரம் போகும் என்பது அவளுக்குத் தெரியவில்லை. “எனக்குக் காது போயி மூணு வருசமாச்சு. டாக்டரம்மா அன்னிக்கு சொன்னது அதான். நீ வெளிய அந்த சுதீரு கிட்ட எத்தினி பாக்ஸுன்னு பேசிக்கினு இருந்த.”

பந்தல் முழுக்கக் கேட்டது. முந்நூறு பேரும் உடனே அண்ணாந்து வானத்தைப் பார்த்தார்கள். அமாவாசை, பார்க்க அங்கே ஒன்றுமே இல்லை. சின்னசாமி எல்லோரையும்விட மேலே பார்த்தார்.

மூணு வருஷம், மூணு கச்சேரி. பாக்ஸ்மேல் அவள் கை எதற்கு என்று இப்போதுதான் தமிழரசுக்குத் தெரிந்தது. பின்னாலிருந்து கூப்பிட்டால் அவள் திரும்பாததை அவர் கவனித்ததில்லை, அந்த ஊரில் யாரும்தான் திரும்புவதில்லையே. ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்.

“சொன்னா கச்சேரி வைக்கிறத விட்டுடுவ. நீ அதுக்கோசரம் அலையறதப் பாக்கறதே எனக்கு ஒரு கச்சேரிய்யா” என்றாள். பிறகு மேடையைக் காட்டி, “மத்தவங்கல்லாம் மைக்க வாய்க்கு நேரா வெச்சிக்கினு பாடுனாங்க, ஒரு வார்த்த புரியல. இந்தம்மா பாடுனது ஒண்ணு விடாம புரிஞ்சிது. நல்லா கீது” என்றாள்.

அவர் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். துண்டுக்குள்ளிருந்து ஏதோ சொன்னார், தோள் குலுங்கியது. கன்னிகா கையை நீட்டித் துண்டைப் பிடித்துக் கீழே இழுத்தாள்.

“மூஞ்ச மூடாத. இன்னா சொன்னன்னு தெரியல.”

தமிழரசு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அவள் பார்க்கும்படி, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். அடுத்த வருஷம் சுதீருக்குச் சொல்ல வேண்டாம்.